பழைய காரும் மீட்டரும்

சிம்பாங் அம்பாட்டில் என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனிடம் இருப்பது பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1998இல் அறிமுகமான வேகக் கார், 1.8 லிட்டர் மிட்சுபிஷி எஞ்சின். வளைவுகளில் நிலைகுலையாமல் ஓடும்படி அதைச் சீரமைத்தவர்கள் லோட்டஸ் நிறுவனத்தார்.

"சார், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. மீட்டரைக் குறைத்து விற்றால் என்ன?" என்று கேட்டான்.

அன்பு வாசகர்களே, அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மீட்டரைத் தொடாதீர்கள். விவரம் தெரிந்தவர், கார் ஓடிய தூரத்தோடு பராமரிப்பையும் பார்ப்பார். பட்டறை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது முக்கியம். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே பாழாகலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நாள்பட்ட டயரை மாற்றிவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் எஞ்சின் எண்ணையும் சேசி எண்ணையும் பார்ப்பார்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் பதிவை முன்னதாகவே சரிசெய்யுங்கள்.

எண்ணெய்க் கசிவைக் கழுவி மறைக்காதீர்கள். அப்படிக் கழுவிய காரை வாங்கி, ஒரே மாதத்தில் நடுச்சாலையில் நின்றவன் நான். குறையைச் சொன்னால் சில நூறு வெள்ளி குறையும். சொல்லாமல் விட்டால், அதை நெடுஞ்சாலையில் ஓட்டப்போவது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

பையன் சற்று யோசித்தான். பிறகு, "ரசீதுகளைத் தேடுகிறேன், சார்" என்று எழுந்தான்.