கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா!

பஸ்ஸில் இருவர் உட்காரும் ஸீட்டுக்கு மூன்றாவதாக ஒரு பெண்மணி வந்து நிற்கிறாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்கிறாள். தையற்காரரிடம் ரவிக்கையைக் கொடுத்து, "கை இறுக்கமா இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிடுங்க" என்கிறோம். மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு மாமி, "ஒரு ஐந்நூறு ரூபாய் அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?" என்று கேட்கிறார். வீட்டுச் சொந்தக்காரரோ, "அட்வான்ஸை வாடகையில அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிறார். புகுந்த வீட்டுக்குப் புறப்படும் பெண்ணிடம் நாம் என்ன சொல்கிறோம்? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா!"

இத்தனைக்கும் ஒரே சொல்!

முப்பது வருஷம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்த ஐந்து இடத்துக்கும் ஐந்து வேறு வினைச்சொற்கள் உண்டு என்று மாணவிகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பஸ்ஸில் 'மூவ்', தையற்கடையில் 'ஆல்டர்', கைமாற்றுக்கு 'லெண்ட்', வாடகைக்கு 'டிடக்ட்'. தமிழிலும் நகர்ந்துகொள், சரிசெய், கடன் கொடு, கழித்துக்கொள் என்று அழகான சொற்கள் இருக்கின்றன.

பெண்ணுக்குச் சொல்கிறோமே, அந்த 'அட்ஜஸ்ட்' எது? அங்கேதான் சிக்கல். அதற்குள் நாலு சொற்கள் ஒளிந்திருக்கின்றன: ஒத்துப்போ, விட்டுக்கொடு, பொறுத்துக்கொள், சகித்துக்கொள். சாம்பாரில் வெல்லம் போடும் வீட்டு ருசிக்கு நாக்கைப் பழக்கிக் கொள்வது ஒத்துப்போவது. நமக்குப் பிடித்த டி.வி. தொடரை மாமியாரின் தொடருக்காகத் தியாகம் செய்வது விட்டுக்கொடுப்பது. குழந்தையின் பரீட்சை முடியும்வரை தூக்கம் கெடுவது பொறுத்துக்கொள்வது. முடிவே தெரியாத வலியை வாய் திறக்காமல் சுமப்பது சகித்துக்கொள்வது. முதல் மூன்றும் குடும்பத்தை வாழ வைக்கும். நாலாவது நம்மையே தின்றுவிடும். இதை நான் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. மாதவிலக்கு ஒன்பது நாள், பத்து நாள் என்று நீடித்தது. கட்டி கட்டியாகப் போகும். பள்ளியில் ஒரு மணி நேரத்துக்கொரு தரம் நாப்கின் மாற்ற ஓட வேண்டியிருக்கும். மாடி வகுப்புக்கு ஏறினால் மூச்சு வாங்கும். அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியாது. "இந்த வயசில எல்லாருக்கும் அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். நானும் அப்படியே செய்தேன்.

ஒரு நாள் வகுப்பில் தலை சுற்றி விழுந்தேன். பரிசோதித்த பெண் டாக்டர், "ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கு. எத்தனை நாளா இப்படி?" என்றார்.

"மூணு வருஷமா டாக்டர். அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதைம்மா அட்ஜஸ்ட் பண்ணினீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. 'எதை?' என்று கேட்டால் செயப்படுபொருள் வரும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லுக்கு 'எதை' அல்லது 'எதற்கு' என்ற கேள்விக்கு விடை வேண்டும். நாம் இரண்டையும் விழுங்கிவிட்டு, வெறும் 'அட்ஜஸ்ட்' என்கிறோம். என் விஷயத்தில் அந்தச் செயப்படுபொருள் என் ரத்தம்!

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு அது இருந்தது. ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் உதிரப்போக்கு, பெரிய கட்டிகள், ஒரு மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டிய நிலை — இவை டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள். பச்சரிசி தின்னும் ஆசைகூட இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக் கொள்வது நல்லது. என் கருப்பையில் இருந்த கட்டிக்கு வைத்தியம் செய்து, மாத்திரையும் சாப்பிட்டு நான் தேறி வர எட்டு மாதம் ஆயிற்று.

பல வருஷம் கழித்து என் பெண் புகுந்த வீட்டிலிருந்து போன் செய்தாள். குரல் சரியில்லை. வாய்வரை வந்துவிட்டது அந்தப் பழைய வாக்கியம். அடக்கிக்கொண்டு, "எதைம்மா அட்ஜஸ்ட் பண்ண வேண்டியிருக்கு?" என்று கேட்டேன். சற்று மௌனம். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைக்குழந்தையோடு ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம், காலைப் பலகாரம் பதினோரு மணிக்கு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியது. "சமையல் ருசி, கோயில் குளம் எல்லாத்துக்கும் ஒத்துப்போ. சாப்பாட்டையும் தூக்கத்தையும் மட்டும் விட்டுக்கொடுக்காதே. இதை அப்படியே மாப்பிள்ளைகிட்டயும் அத்தைகிட்டயும் சொல்லு" என்றேன். சொன்னாள். சம்பந்தியம்மாளுக்கு முதலில் முகம் சுருங்கியது உண்மைதான். ஆனாலும் இப்போது காலை எட்டு மணிக்கு அவளுக்கும் தட்டு வைக்கிறார்கள்.

இந்த ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீனில் 'அருகில்' என்று பொருள்படும் சொல். பக்கத்தில் கொண்டு வந்து சேர்ப்பதே அதன் ஆதி அர்த்தம். பஸ்ஸில் நாம் நகரும்போது, வந்தவளும் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கித்தானே உட்காருகிறாள்?

சகோதரிகளே, அடுத்த முறை யாராவது "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால் கோபப்பட வேண்டாம். "எதை?" என்று மெதுவாகக் கேளுங்கள். நீங்களே உங்கள் பெண்ணிடம் சொல்லப் போகிறீர்களென்றால், முதலில் உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள்.