மன்னிப்பதிகாரமும் அதன் எல்லையும்

தலைமன்னார்க் கரைக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. 1974 ஆம், 1976 ஆம் ஆண்டுகளில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பாக்குநீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் எல்லைக் கோடு வகுத்தன. ஆயினும் கோட்டைக் கடத்தலும் கடந்தோர் பிடிபடுதலும் ஓய்ந்தபாடில்லை. இக்கடல் சார்ந்த வழக்கொன்று, சனாதிபதியின் மன்னிப்பதிகாரம் எத்துணைப் பெரிது, எவ்விடத்து அடங்குவது என்பதை ஆராய்தற்கு நல்வாயிலாகும்.

இராமேசுவரத் தீவின் மீனவர் ஐவர் 2011 நவம்பரில் இலங்கைக் கடற்படையினராற் பிடிக்கப்பட்டனர். ஹெரோயின் கடத்தினர் என்பது குற்றச்சாட்டு. 2014 ஒக்டோபர் 30 ஆம் நாள் கொழும்பு மேல் நீதிமன்றம் அவ்வைவருக்கும் அவரோடு இலங்கையர் மூவருக்கும் மரணதண்டனை விதித்தது. இராமேசுவரம் கொந்தளித்தது, புதுதில்லி இடையிட்டது, தாக்கல் செய்யப்பட்ட மேன்முறையீடு மீளப்பெறப்பட்டது. நவம்பர் 19 ஆம் நாள் சனாதிபதி மகிந்த இராசபக்ச ஐவருக்கும் மன்னிப்பளித்தார். தீர்ப்புக்கும் விடுதலைக்குமிடையே கழிந்தவை இருபது நாள்களே. அன்றைய மன்னிப்பு உடன் தண்டிக்கப்பட்ட இலங்கையர் மூவரைச் சாரவில்லை.

இவ்வதிகாரத்தின் ஊற்று 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை. நிபந்தனையுடனோ நிபந்தனையின்றியோ மன்னித்தல், தண்டனையை ஒத்திவைத்தல், குறைத்தல், கடியதற்கு ஈடாக எளியதை வழங்கல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஆயினும் அது பொதுவாகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டோர்க்கே உரியது. உடந்தையாளி ஒருவன் முதற் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்போது அவனை மன்னித்தல் இதற்கு விலக்கு. மரணதண்டனையாயின் முறை இன்னும் இறுக்கமானது: வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையைச் சனாதிபதி பெறல் வேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குச் செல்லும், பின்னர் நீதி அமைச்சரின் விதப்புரையோடு திரும்பும். 1976 இற்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை எனினும், மரணதண்டனைத் தீர்ப்புகள் தொடர்தலின் இவ்வொழுங்கு வெற்றேட்டு விதியன்று.

இந்தியாவிலோ குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என 1980 இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிற்று. இலங்கைச் சனாதிபதி விதப்புரையைப் பெறுபவரேயன்றி அதற்குக் கட்டுண்டவரல்லர். அவர் பெறும் அறிக்கைகள் பெயரளவில் நிற்பனவா, உண்மையில் எடைபோடப்படுவனவா என்பதே முடிவான வினா.

நெடுங்காலம் இவ்வினாவை எழுப்ப வழியிருக்கவில்லை. மன்னிப்பு அரசனின் அருள். அருளுக்குக் காரணம் கேட்பதில்லை என்னும் பழங்கருத்துக்கு, சனாதிபதிக்கு எதிராக வழக்காடலைத் தடுத்த 35 ஆம் உறுப்புரை அரணாயிற்று. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கண்ணோட்டத்துக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அரசனுக்கு இரண்டும் வேண்டும், ஒன்று மற்றதை விழுங்கலாகாது. 2015 இல் நிறைவேறிய 19 ஆம் திருத்தம், சனாதிபதியின் அலுவல்சார் செயல்களையிட்டுச் சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி அடிப்படை உரிமை மனுச் செய்ய இடமளித்தது.

அவ்வாயிலூடே உயர் நீதிமன்றம் புகுந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 இல் சனாதிபதி கோத்தாபய இராசபக்ச அளித்த மன்னிப்பை 2024 சனவரியில் அது தள்ளுபடி செய்தது. தக்க காரணமின்றித் தன்விருப்பாக அளிக்கப்பட்ட அம்மன்னிப்பு, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12(1) ஆம் உறுப்புரையை மீறியதாயிற்று. ‘றோயல் பார்க்’ கொலை வழக்கின் குற்றவாளிக்கு 2019 இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன வழங்கிய மன்னிப்பும் 2024 யூனில் அவ்வாறே வீழ்ந்தது.

தமிழர்க்கு இதன் கனம் மிருசுவிலால் விளங்கும். அங்கே 2000 திசெம்பரில் சிறுவர் உட்பட எண்மர் கொல்லப்பட்டனர். 2015 இல் மரணதண்டனை பெற்ற படைவீரரின் குற்றத்தை 2019 இல் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அவர் மன்னிக்கப்பட்டார். இறந்தோரின் உறவினர் அடிப்படை உரிமை மனுவோடு நீதிமன்றம் சென்றனர்.

இனி மீனவர் வழக்கை நோக்குக. அயல்நாட்டு நட்பைக் காத்தல் மன்னிப்புக்குத் தகாத காரணம் எனல் பொருந்தாது. அக்குடும்பங்கள் உற்ற ஆறுதலும் சிறிதன்று. ஆனால் ஒரே தீர்ப்பில் ஒரே தண்டனை பெற்ற எண்மருள் ஐவருக்கு அருள் செய்து மூவரை ஒழித்தற்குரிய காரணம் ஏட்டிற் பதிந்திருத்தல் வேண்டும். 2014 இல் அதனைக் கேட்க மன்றம் இருக்கவில்லை. இத்தகைய மன்னிப்பு இன்று வழங்கப்படின், விடுபட்ட மூவரும் அவ்வினாவோடு உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.