மீட்டரில் 12 வோல்ட் இருக்கிறது, கார் ஏன் காஸில் ஓடவில்லை?

இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வந்துவிட்டன, நிதானமாகவே பேசலாம். ஹைதராபாத்தில் சிஎன்ஜி கிட் போட்ட கார் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. "காலையில் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் அமீர்பேட்டை நெரிசலில் நின்றால் தானாகப் பெட்ரோலுக்கு மாறிவிடுகிறது. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார், 12 வோல்ட் வருகிறது. சொலினாய்டு போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா?"

அவசரப்பட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கார் பெட்ரோலில் கிளம்பி, காஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர் சூடானதும் காஸுக்கு மாறுவது இயல்பு. அது கோளாறு அல்ல. சூடான பிறகு கைவிடுவதுதான் கோளாறு.

சிலிண்டரில் காஸ் சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அதன் வழியை அடைத்து நிற்பது சொலினாய்டு வால்வு. உள்ளே ஒரு செம்புக் காயில்; மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி வால்வைத் தூக்கும். போதாத மின்சாரம் பாய்ந்தால் தூக்காது, அல்லது தூக்கியதைப் பிடித்து வைக்காது.

காயிலின் தடை 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்டில் ஒன்றரை ஆம்பியர் ஓடும். வழியில் துருப்பிடித்த ஒரு இணைப்பு 4 ஓம் தடையைச் சேர்த்தால், ஓடுவது ஒரே ஆம்பியர். காயிலுக்குக் கிடைப்பது 8 வோல்ட். ஆனால் சொலினாய்டின் வயர் இணைப்பான கப்லரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 12 வோல்ட் முழுதாகத் தெரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதன் வழியே மின்சாரம் ஓடுவதே இல்லை எனலாம். ஓட்டம் இல்லாவிட்டால் துருவில் இழப்பும் இல்லை. அடைப்புள்ள குழாயும் மூடியிருக்கும்வரை முழு அழுத்தம்தான் காட்டும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும்.

மத்தியானக் கதைக்கும் இதுவே விடை. செம்பு ஒரு டிகிரி சூடேறினால் அதன் தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால் 8 ஓம் காயில் கிட்டத்தட்ட 10 ஓம் ஆகிவிடும். நல்ல வயரிங் அதைத் தாங்கும். ஏற்கெனவே துருவில் வோல்டை இழந்த வயரிங், மே மாத வெயிலில், நெரிசலில் நிற்கும் எஞ்சினின் சூட்டில் தோற்றுப்போகும்.

ஆகவே சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும். அதற்கு முன் ஒன்று: காஸ் வாடை வந்தால் எந்தச் சோதனையும் கூடாது. எஞ்சினை நிறுத்தி, சிலிண்டரின் கைவால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, கிட் பொருத்தும் உரிமம் பெற்றவரை அழைப்பதே சரி.

வாடை இல்லையென்றால், சொலினாய்டின் கப்லரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். காஸ் திறக்காது, மின்சாரம் மட்டும் ஓடும். கார் காஸுக்கு மாற முயலும் அந்த நேரத்தில் இரண்டு அளவு எடுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை பல்பின் எர்த் பக்கத்தில்: 0.2 வோல்டைத் தாண்டக் கூடாது. அடுத்து பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பின் பாசிட்டிவ் பக்கம்: அரை வோல்டுக்குள் இருக்க வேண்டும்.

முதல் அளவு கூடினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். 2020 அக்டோபர் ஹைதராபாத் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. இரண்டாவது அளவு கூடினால் ஃபியூஸ் ஹோல்டர், கப்லர், ரிலே என்று ஒவ்வொன்றாக அளந்து வாருங்கள். ரிலே "டிக்" என்று சொன்னால் 85, 86 முனைகளுக்கு இடையிலுள்ள காயில் வேலை செய்கிறது என்றே பொருள். 30-க்கும் 87-க்கும் நடுவிலுள்ள தொடுமுனை கருகியிருக்கலாம். இரண்டு அளவும் சரியென்றால் சொலினாய்டையே சந்தேகிக்கலாம். ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். எலி கடித்த வயரையோ எஞ்சினில் உரசிய வயரையோ தேடுங்கள்.

ரேஸ் கார்களின் நைட்ரஸ் ஆக்சைடு அமைப்பிலும் இதே சுவிட்ச், ரிலே, சொலினாய்டு வரிசைதான். தவறின் விலை மட்டும் அதிகம். அங்கே பெரும்பாலும் நைட்ரஸுக்கு ஒன்று, கூடுதல் பெட்ரோலுக்கு ஒன்று என இரண்டு சொலினாய்டுகள். நைட்ரஸ் எஞ்சினுக்குள் 300 டிகிரியளவில் பிரிந்து ஆக்சிஜனைக் கொட்டும். அந்த நொடியில் பெட்ரோல் சொலினாய்டின் எர்த் பலவீனமாக இருந்தால், எரிபொருள் போதாமல் வெப்பம் ஏறி பிஸ்டனே உருகும்.

எனவே ராணிகஞ்சுக்குப் புதுச் சொலினாய்டு வாங்கப் போகுமுன் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: "சுமையோடு அளந்தீர்களா? எர்த் பக்கம் எத்தனை வோல்ட் இழப்பு?" அவர் ஒரு எண்ணைச் சொன்னால் அவரை நம்பி வண்டியை விடலாம். சொல்லத் தெரியாவிட்டால், பாகம் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை.