ஒரு பல் தவறினால் இழுவை போச்சு! அம்பாசிடர் கார்காரர்களே, உஷார்!

திருவள்ளூர்—

பழைய அம்பாசிடர் காரின் என்ஜின் முன்பக்கத்தில் 'கர... கர...' என்று சத்தம் வருகிறதா? "வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டு விடாதீர்கள்! டைமிங் செயினும் கேம் ஷாஃப்ட் கியரும் தேய்ந்து போனதற்கு அது எச்சரிக்கையாக இருக்கலாம்.

கவனிக்காமல் விட்டால்? கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் உலைகள் இருக்கின்றன. வண்டி அங்கேதான் போய்ச் சேரும்!

கைமாறிய பெயர்

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா ஆலையில் தயாரான கார் இது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இதைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி நம்ம திருவள்ளூரிலும் ஆலை நடத்தியது. 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் இங்கேதான் தயாரானது.

2017இல் 'அம்பாசிடர்' என்ற பெயரை பிரான்சின் பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் குழும வழியில் வந்த சிட்ரோயன் கார் இப்போது திருவள்ளூரில் தயாராகிறது. பெயர் கைமாறினாலும் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைக் காப்பாற்றும் பொறுப்பு பட்டறைக்காரர் தலையில்தான்!

என்ன வேலை அதுக்கு?

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். வால்வுகள் அந்தக் கணக்கில்தான் திறந்து மூடும். டிஸ்டிரிபியூட்டருக்கும் ஓட்டம் கேம் ஷாஃப்டில் இருந்துதான். கியர் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கணக்கு தப்பும். இழுவை குறையும். என்ஜின் சூடேறும். கார்புரேட்டரில் 'டப்' என்று வெடிக்கும்.

அரைகுறை வேலை

செயினை மட்டும் மாற்றி, பல் கொக்கி போல் வளைந்த பழைய கியரையே மாட்டுவதுதான் பெரிய தப்பு. புதுச் செயினையும் அது சீக்கிரமே தின்று விடும். மாற்றினால் இரண்டு கியர், செயின் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ரேடியேட்டர், கிராங்க் புல்லி, முன் கவர் மூன்றையும் கழற்றிய பிறகு கியர் தெரியும். இரண்டு கியரிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும். அவை ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். செயினோடு சேர்த்தே இரண்டையும் தள்ளி மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கிராங்க் கியருக்குப் பின்னால் ஷிம் போட்டுச் சரி செய்யலாம். நட்டு கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரும், கவரின் ஆயில் சீலும் புதுசாகவே இருக்கட்டும்.

மூடும் முன் பாருங்கள்

கல்யாண வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டிப் பிழைப்பவருக்கு, வண்டி நின்னா பொழைப்பும் நின்னுது. உதிரி பாகம் வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். பழைய பாகம் என்றால் பல்லைத் தடவிப் பாருங்கள்.

கவரை மூடும் முன் கிராங்க்கை கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். புள்ளிகள் மறுபடியும் நேருக்கு நேர் வந்து நிற்கிறதா? நின்றால் மட்டும் பட்டறைக்காரருக்குக் கூலியைக் கொடுங்கள்!