பப்படமும் புராஸ்டேட்டும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடைகளில் நெருஞ்சில் முள்ளைப் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாக்கில் கையை விட்டால் குத்தும். மாவிலங்கப் பட்டை அப்படியில்லை, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். மலையாளிகளுக்கு அது நீர்மாதளம். இரண்டையும் தேடி வருபவர்களில் அறுபது தாண்டிய ஆண்கள் உண்டு. குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்: "அண்ணாச்சி, ஒண்ணுக்கு நின்னு நின்னு வருது. ராத்திரி நாலு தடவை எழும்ப வேண்டியிருக்கு. ஏதாவது இருக்கா?"

கேரளத்தில் இந்தக் கேள்வி பெருகுவதில் வியப்பில்லை. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அங்கே அறுபது கடந்தவர்கள் 16.5 சதவீதம். இந்திய மாநிலங்களில் இதுதான் மிக அதிகம். ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருக்கத் தொடங்கியிருக்கும். எண்பதைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு அதுதான் நிலை. சிறுநீர்ப்பையின் வாயடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி அது. பெருத்தால் குழாயை நெரிக்கும். இது புற்றுநோய் அல்ல.

கேள்வி பழையதுதான். பதில்தான் இப்போது கண்ணாடிப் பாட்டிலுக்கு மாறியிருக்கிறது. சா பால்மெட்டோ, பூசணி விதை எண்ணெய், பீட்டா சிட்டோஸ்டீரால் எனப் பல பெயர்களில் கேப்சூல்கள் கிடைக்கின்றன. இவற்றில் உலகப் புகழ் பெற்றது சா பால்மெட்டோ. அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் குட்டைப் பனையின் பழச்சாறு அது. புராஸ்டேட்டை வளர்க்கும் ஹார்மோனை இது தடுக்கும் என்று நம்பினார்கள். 2006இல் வெளியான ஒரு சோதனையில் 225 ஆண்களிடம் ஓராண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை விழுங்கியவர்களுக்கும் இதை விழுங்கியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. அளவு போதவில்லையோ என்ற சந்தேகத்தில் இன்னொரு குழு 369 பேரிடம் மும்மடங்கு வரை ஏற்றிப் பார்த்தது. 2011இல் முடிவு வந்தது: அப்போதும் பலன் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனைகளில் வெறும் மாத்திரைக்காரர்களுக்கும் ஓரளவு சுகம் தெரிந்தது. 'எனக்குக் கேட்டது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைப் பொய் என்று தள்ள முடியாததும், அதையே ஆதாரமாகக் கொள்ள முடியாததும் இதனால்தான்.

பீட்டா சிட்டோஸ்டீரால் கதை கொஞ்சம் மேல். ஜெர்மனியில் 200 பேரிடம் நடத்தி 1995இல் வெளியான சோதனையில், தினம் 60 மில்லிகிராம் ஆறு மாதம் எடுத்தவர்களுக்குச் சிறுநீர் ஓட்டம் சீராயிற்று, தொல்லையும் குறைந்தது. சுரப்பி மட்டும் சுருங்கவில்லை. இதே பொருள் வேர்க்கடலையிலும் நல்லெண்ணெயிலும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் சொற்பம்தான், திருவனந்தபுரத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும். பூசணி விதையை 1,431 ஜெர்மானியர்களிடம் ஓராண்டு சோதித்தபோது, கேப்சூலில் அடைத்த சாறு தோற்றது, விதையைத் தின்றவர்களுக்குத்தான் சற்றே குணம் தெரிந்தது. எரிசேரிக்கு மத்தனை, அதாவது பூசணியை, நறுக்கும்போது தூக்கி எறியும் விதையைக் கழுவிக் காயவைத்துக் கொறிக்கலாம், தவறில்லை.

நம் மருத்துவத்தை விட்டுவிட முடியாது. சிறுநீர் அடைப்பைப் பற்றி சுசுருதர் விரிவாகவே எழுதியிருக்கிறார். மாவிலங்கமும் நெருஞ்சிலும் ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் நெடுங்காலமாகச் சிறுநீர்த் தொல்லைகளுக்குக் கொடுக்கப்படுபவை. திருவனந்தபுரம் அரசு ஆயுர்வேதக் கல்லூரிக்கே 1889இலிருந்து கணக்கு. ஆனால் சா பால்மெட்டோவைப் பிழிந்து பார்த்த அளவுக்கு நெருஞ்சிலைப் பெரிய சோதனைகளில் யாரும் பிழிந்து பார்க்கவில்லை. வைத்தியர் நாடி பார்த்து எழுதித் தரும் கஷாயம் வேறு, டி.வி. விளம்பரம் பார்த்து வாங்கும் டப்பா வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப் பட்டியலில் புராஸ்டேட் கோளாறு பெயரோடு இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம்.  இந்தச் சட்டத்தின் கீழ்தான் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பதஞ்சலி குழுமத்தின் திவ்யா பார்மசி மீது வேறு நோய்களுக்கான விளம்பரங்களுக்காக வழக்குத் தொடுத்தது. ஊட்டச்சத்து மாத்திரை பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிதான் அதில் உண்மையான வரி.

என்னைக் கேட்டால் பாட்டிலைவிடச் சாப்பாட்டு இலைதான் முக்கியம். ஜப்பானில் நாகசாகி மருத்துவர்கள் அதிகமாக உப்புச் சாப்பிட்டவர்களை அழைத்து, குறைக்கச் சொன்னார்கள். நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு இறக்கியவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆயிற்று. உப்பைக் கூட்டியவர்கள் 2.7 தடவை எழுந்தார்கள். இது சுரப்பியைச் சுருக்குவதில்லை, ஆனால் தூக்கத்தைத் திருப்பித் தருகிறது. நம் இலையை நினைத்துப் பாருங்கள்: பப்படம், மாங்காய் ஊறுகாய், கருவாடு, உப்பு போட்ட மோர். இரவுச் சாப்பாட்டிலிருந்து மட்டுமாவது இவற்றை இறக்கலாம்.

அமெரிக்காவில் 4,770 ஆண்களை ஏழு ஆண்டு கவனித்த ஆய்வில், தினமும் சிவப்பிறைச்சி தின்றவர்களுக்குத் தொல்லை 38 சதவீதம் கூடுதலாகவும், காய்கறி நிறையத் தின்றவர்களுக்கு 32 சதவீதம் குறைவாகவும் இருந்தது. ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளால் அங்கே எதுவும் நடக்கவில்லை. உணவுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தினப்படி பொரோட்டா, பீஃப் ஃப்ரைக்கு இது நல்ல செய்தி அல்ல. தொப்பையும் சர்க்கரையும் தனிக் கணக்கு. ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் கேரளத்தில் நீரிழிவு 25.5 சதவீதம். இரவில் அடிக்கடி எழுவதற்குச் சில சமயம் புராஸ்டேட் காரணமே இல்லை, சர்க்கரைதான் எழுப்பும். மாலை ஆறுக்கு மேல் கட்டன் சாயாவையும் காபியையும் நிறுத்திப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

மருந்துக் கடையில் சளிக்கு வாங்கும் மாத்திரை சில பேருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மூலிகை கேப்சூலை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே போய்க் காட்டுங்கள். அடிவயிறு உப்பி ஒண்ணுக்கு அறவே நின்றுபோனால் கஷாயமும் வேண்டாம், கேப்சூலும் வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.