பின்னால வந்து இடிச்சுட்டாங்களா? ரோட்டிலேயே 5,000 ரூபாய்க்கு முடிச்சுக்காதீங்க!



சாயங்காலம் ஆறரை மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிச்சு, சி.டி.எச். ரோட்டில் ஆவடி பக்கம் போயிட்டு இருக்கீங்க. முன்னாடி வண்டிகள் நிக்குது, நீங்களும் பிரேக் போட்டு நிறுத்துறீங்க. பின்னாடி வந்த கார் 'டம்'முனு இடிக்குது. இறங்கிப் பார்த்தா டிக்கி நசுங்கியிருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான் தோணுது. இடிச்சவர், "சார், தப்பு என்னோடதுதான். போலீஸ் எல்லாம் வேண்டாம், இந்த 5,000 ரூபாயை வெச்சுக்கோங்க" என்கிறார். பின்னாடி ஒரே ஹாரன் சத்தம். வாங்கிக்கிட்டுக் கிளம்பிடுறீங்க.

மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியலை. ஒரு வாரத்தில் கை மரத்துப் போகுது. ஸ்கேன், பிசியோதெரபி, ரெண்டு மாசம் சம்பளம் இல்லாத லீவு. இப்போ அந்த 5,000 எந்த மூலைக்கு?

இந்த மாதிரி நேரத்தில் சட்டம் உங்களுக்கு என்ன தருது, அதை வாங்க என்ன செய்யணும்னு இந்தப் பதிவில் பார்க்கலாம்.

பணம் யார் தருவாங்க?

"பாவம், அவரும் நம்மள மாதிரி குடும்பஸ்தர்தான்" என்று நினைச்சுத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ஆனா இழப்பீடு பெரும்பாலும் அவர் பாக்கெட்டிலிருந்து வராது. ஒவ்வொரு வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அது இருக்கிறதே இதுக்குத்தான். வண்டி சேதத்துக்கு அதில் உச்சவரம்பு உண்டு. ஆனா அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் உச்சவரம்பு கிடையாது, தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கொடுக்கணும். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லைன்னாதான் சுமை நேரா உரிமையாளர் தலையில் விழும்.

உங்க முன்னாடி இருக்கிற வழிகள்

முதல் வழி, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுறது. வக்கீல்கள் இதை எம்.சி.ஓ.பி. என்பாங்க. எதிர் டிரைவரோட கவனக்குறைவை நீங்க காட்டணும். தொகைக்கு வரம்பு இல்லை.

ரெண்டாவது, பிரிவு 164. யார் தப்புன்னு நிரூபிக்கத் தேவையில்லை. கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். ஆனா இந்த வழியில் பணம் வாங்கிட்டா 166-ல் போக முடியாது. வருமான இழப்பு பெருசா இருந்தா யோசிச்சு முடிவு பண்ணுங்க.

மூணாவது, இடிச்சுட்டு நிக்காம ஓடிட்டா, வண்டி யாருதுன்னே தெரியலைன்னா பிரிவு 161. கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

பின்னால் இடிச்சவர் மேலதான் எப்பவும் தப்பா?

பெரும்பாலும் ஆமாம். முன்னால் போற வண்டி திடீர்னு நின்னாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விடணும்னு சாலை விதியே சொல்லுது. ஆனா அதோட கதை முடியலை.

கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் ஒரு இன்ஜினியரிங் மாணவர் பைக்கில் போயிட்டிருந்தார். முன்னால் போன கார் சிக்னல் எதுவும் காட்டாம திடீர்னு நின்னது. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வர மாதிரி இருந்ததால நிறுத்தினதா டிரைவர் சொன்னார். பைக் காரின் பின்னால் மோதி மாணவர் விழ, பின்னாடி வந்த பஸ் அவர் கால் மேல ஏறிடுச்சு. இடது காலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

கார்க்காரர் மேல தப்பே இல்லைன்னு தீர்ப்பாயம் சொல்லுச்சு. உயர் நீதிமன்றம் காருக்கு 40, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 30 சதவீதம்னு பிரிச்சது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை 50, 30, 20 என்று மாத்தினது. நெடுஞ்சாலையில் பின்னால் வர்றவங்களுக்கு எச்சரிக்கை கொடுக்காம நிறுத்தினது கார்க்காரரோட தப்பு, போதிய இடைவெளி விடாததும் முறையான லைசென்ஸ் இல்லாம ஓட்டினதும் மாணவரோட தப்பு. மொத்த இழப்பீடு சுமார் 1.14 கோடி. அவர் பங்கு 20 சதவீதம் கழிஞ்சு, கைக்கு சுமார் 91 லட்சம்.

லைசென்ஸ், இடைவெளி மாதிரி சின்ன விஷயங்கள் அவருக்கு எத்தனை லட்சம் குறைச்சிருக்குன்னு பாருங்க. அதே சமயம், பின்னால் மோதினவர் நீங்களாவே இருந்தாலும் வாய்ப்பு முழுசா போயிடலை.

கணக்கு எப்படி வருது?

ஒரு உதாரணம். வயசு 32, லேத் ஆபரேட்டர், மாசம் 20,000 சம்பளம். காயத்தால் சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைஞ்சுபோச்சுன்னு வைங்க.

எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தா மாசம் 28,000. வருஷத்துக்கு 3,36,000. 31 முதல் 35 வயசுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 16. ஆக 53,76,000. அதில் 20 சதவீதம், 10,75,200 ரூபாய். இது வருமான இழப்புக்கு மட்டும். ஆஸ்பத்திரி செலவு, லீவு நாள் சம்பளம், வலி வேதனை எல்லாம் இதுக்கு மேல தனித்தனியா வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. மெடிக்கல் போர்டு தர்ற ஊன சதவீதமும், வேலைத்திறன் இழப்பும் ஒண்ணு இல்லை. விரல் போனா லேத் ஓட்டறவருக்கு இழப்பு அதிகம், கணக்கு எழுதறவருக்குக் குறைவு. அதனால உங்க வேலை என்ன, அதை இப்போ ஏன் செய்ய முடியலைன்னு காட்டணும். சம்பள ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இங்கேதான் பேசும்.

முதல் ரெண்டு நாளில் செய்ய வேண்டியவை

1. ரெண்டு வண்டியும் நின்ன நிலையில் போட்டோ எடுங்க. நம்பர் பிளேட் தெரியணும். பார்த்தவங்க போன் நம்பரையும் வாங்குங்க.

2. வலி கம்மியா இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. "பின்னால் வந்த கார் இடிச்சது" என்று தெளிவா சொல்லுங்க. 'கீழே விழுந்துட்டேன்' என்று விபத்துப் பதிவேட்டில் ஏறிட்டா, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதையே பிடிச்சுப்பார். அந்த ஏ.ஆர். காப்பியும் காயச் சான்றிதழும் உங்க கேஸுக்கு முதுகெலும்பு.

3. போலீஸில் புகார் கொடுங்க. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூணும் ஆவடி காவல் ஆணையரகத்தில் வரும். சி.எஸ்.ஆர். ரசீதோட திரும்பிடாதீங்க, எஃப்.ஐ.ஆர். காப்பி கேளுங்க. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்தில் போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும்னு விதியே இருக்கு.

4. 'சமாதானமாகப் போகிறோம்' என்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்து போடாதீங்க.

சிகிச்சைக்குக் கையில் காசு இல்லையா? தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாம சிகிச்சை பெற வழி இருக்கு.

எங்கே, எப்போ மனு போடணும்?

விபத்து நடந்த இடம், நீங்க குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இதில் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். நம்ம பகுதிக்காரங்களுக்கு பூந்தமல்லி நீதிமன்றம், திருவள்ளூர், சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றம் ஆகியவற்றில் எது பொருந்தும்னு வக்கீல் பார்த்துச் சொல்வார்.

காலக்கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாசம். 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கு. ஆனா அதை நம்பி நீங்க நாளைத் தள்ளாதீங்க.

வக்கீல் பீஸ் விஷயத்தில் உஷார்

ஆஸ்பத்திரி வாசலிலேயே, "வர்ற பணத்தில் இத்தனை பர்சென்ட் கொடுத்தா போதும்" என்று புரோக்கர்கள் வருவாங்க. கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வக்கீல் கேஸ் நடத்தக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. பீஸை முன்னாடியே பேசி எழுத்தில் வாங்கிக்கோங்க. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா இலவச வக்கீல் கிடைப்பார். எஸ்டேட் தொழிலாளர்கள் இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

லோக் அதாலத்தில் சீக்கிரம் முடியும். ஆனா அங்கே ஒத்துக்கிட்டா அப்பீல் கிடையாது. அதனால உங்க கணக்கை முதலில் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் உட்காருங்க.

அடுத்த தடவை யாராவது ரோட்டில் 5,000 ரூபாயை நீட்டினா, அந்த லேத் ஆபரேட்டர் கணக்கை நினைச்சுப் பாருங்க. "பரவாயில்லைங்க, உங்க இன்சூரன்ஸ் பேப்பரைக் காட்டுங்க" என்று மரியாதையா கேளுங்க. பாலிசி நம்பரைப் போட்டோ எடுத்துக்கிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஓட்டும்போது இடைவெளி விட்டு ஓட்டுங்க, பத்திரமா வீடு போய்ச் சேருங்க.