தண்டுக்கும் உண்டு தனி அழகு

மாணவர்களே, தேக்கா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? தேக்கு மரத்திலிருந்து என்று நினைத்தால் தவறு. முன்பு ரோச்சோர் கால்வாயை ஒட்டி அங்கே மூங்கில்கள் வளர்ந்திருந்தன. ஹொக்கியன் மொழி பேசியவர்கள் அந்த இடத்தைத் ‘தெக் கியா கா’ என்றார்கள். ‘சிறு மூங்கில்களின் அடி’ என்பது அதன் பொருள். அதுவே சுருங்கித் தேக்கா ஆயிற்று. இன்று பூச்சரங்களுக்குப் பெயர்போன அந்த வட்டாரம், முதலில் பெயர் பெற்றது தண்டுகளால்!

செடி வாங்கும்போது நாம் பூவையும் இலையையும்தான் பார்க்கிறோம். ஆனால் பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் தண்டின் அழகுக்காகவே சில புதர்ச்செடிகளை வளர்க்கிறார்கள். அவற்றுள் புகழ்பெற்றது ‘டாக்வுட்’. கோடையில் அது சாதாரணப் பச்சைப் புதர். இலையுதிர்காலத்தில் இலைகள் கொட்டியபின், பனிக்கு நடுவே அதன் குச்சிகள் செக்கச்செவேல் என்று நிற்கும்.

அந்தச் சிவப்புக்குக் காரணம் ‘ஆந்தோசயனின்’ என்னும் நிறமி. கடும் குளிரில் ஒளிச்சேர்க்கை மெதுவாகிவிடும். அப்போது பயன்படுத்த முடியாமல் மிஞ்சும் வெளிச்சம் உயிரணுக்களைப் பாதிக்கக்கூடும். அந்த வெளிச்சத்தின் ஒரு பகுதியை இந்த நிறமி தடுக்கிறது என்பது அறிவியலாளர்கள் தரும் ஒரு விளக்கம்.

இளம் குச்சிகளில்தான் நிறம் பளிச்சென்று இருக்கும். வயதானால் மேல்தோலுக்குப் பதிலாகத் தக்கைப்பட்டை உருவாகி நிறத்தை மறைத்துவிடும். அதனால் தோட்டக்காரர்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில் செடியைத் தரையை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். புதிதாகத் துளிர்க்கும் குச்சிகள் அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் சிவக்கும்.

இந்தப் பாடத்தை நடத்தியபோது நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டேன். “சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் பகல்பொழுதின் நீளம்கூட ஏறக்குறைய 10 நிமிடம்தான் மாறுகிறது. அதனால் இங்கே சிவப்புத் தண்டைப் பார்க்க முடியாது,” என்றேன். பின்வரிசையில் ஒரு மாணவி கை உயர்த்தினாள். “சார், எங்க புளோக்குக்குக் கீழே ஒரு பனை இருக்கு. அது வருஷம் பூரா சிவப்பாத்தான் இருக்கு,” என்றாள். வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்குப் பதில் இல்லை.

அன்று மாலையே போய்ப் பார்த்தேன். நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். கடிதங்களுக்கு முத்திரையிடும் சிவப்பு அரக்கின் நிறத்தில் இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்கு அரக்குப் பனை என்று பெயர். மலாயில் ‘பினாங் ராஜா’. நம் வட்டாரத்தின் சதுப்புக் காடுகளில் இயற்கையாக வளர்வது. சிங்கப்பூர்ப் பூமலையின் சின்னத்தில் இருப்பதும் இதுதான். சதுப்பு நிலச் செடி என்பதால் வேர்ப்பகுதி காயக்கூடாது.

கிட்டே போய் உற்றுப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. சிவப்பாக இருப்பது தண்டே அல்ல! இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிக் குழாய்போல் ஆகியிருக்கின்றன. உண்மையான தண்டு அதற்குக் கீழே இருக்கிறது. மூங்கில்போல் வளையங்கள் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஓர் இலை உதிர்ந்த தழும்பு.

மாணவி பார்த்தது சரி, பெயர்தான் வேறு. நான் சொன்னதும் தப்பியது என்று நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு செடிக்கடையில் திருகுகள்ளியைப் பார்த்தேன்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேலியாக நிற்கும் செடி அது. பிறப்பிடம் ஆப்பிரிக்கா. 17ஆம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபார்ச் செடிகளை அவற்றின் உள்ளூர்ப் பெயர்களுடன் ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்ற நூலில் பதிவுசெய்தார். 1753இல் லின்னேயஸ் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு ‘யூபோர்பியா திருகள்ளி’ என்று அறிவியல் பெயர் சூட்டினார். நம் பாட்டிமார் சொன்ன சொல், இன்று உலகெங்கும் அறிவியல் பெயராக வழங்குகிறது.

திருகுகள்ளியின் சின்னஞ்சிறு இலைகள் சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஒளிச்சேர்க்கையைப் பெரும்பாலும் பச்சைத் தண்டே செய்கிறது. அதில் ஒரு தோட்ட வகையின் இளங்குச்சிகள் மட்டும் நெருப்புப்போல் செம்மஞ்சளாக இருக்கும். குளிர்காலம் உள்ள நாடுகளில், குளிரில் அதன் நிறம் கூடும், கோடையில் மங்கும். நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும். நல்ல வெயில் பட்டால் நிறம் கூடும். கடையில் வெயில்பக்கம் இருந்த தொட்டி சிவந்தும், கூரைக்கடியில் இருந்த தொட்டி பச்சையாகவும் இருந்தன. இது உண்மையான தண்டு. பனியே தெரியாத ஊரில் சிவந்து நிற்கிறது!

ஓர் எச்சரிக்கை: இந்தச் செடியை ஒடிக்காதீர்கள். அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு தற்காலிகமாகப் பார்வையே போகலாம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள்; தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகளோ பூனை, நாயோ இருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

மறுநாள் வகுப்பில், “நான் சொன்னது தவறு. குளிர் ஒரு காரணம்தான். வெயிலும் ஒரு காரணம், செடியின் மரபணுவும் ஒரு காரணம்,” என்று கரும்பலகையில் எழுதினேன். அந்த மாணவி சிரித்தாள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் புளோக்கின் கீழோ பூமலையிலோ ஓர் அரக்குப் பனையைக் கண்டுபிடியுங்கள். சிவப்பு எங்கே முடிகிறது, வளையங்கள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். வளையங்களை எண்ணுங்கள். அதுவரை எத்தனை இலைகள் உதிர்ந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால், தயங்காமல் கை உயர்த்துங்கள்.